குடியை விட்டவருக்கும் வைத்தியம் வேண்டும்

"கசிப்பை விட்டிட்டார், இனிப் பயமில்லை" என்று வீட்டார் ஆறுதலடைவதை நாம் காண்கிறோம். உண்மையில் பராமரிப்புத் தொடங்கவேண்டிய நேரம் அதுவே.

நெடுங்காலம் கடுமையாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் முதல் 2, 3 நாட்களில் கைநடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரலாம், உயிருக்கும் ஆபத்து. இது பேயின் வேலையல்ல. பார்வை பார்க்கக் கொண்டு திரியாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

உடம்பு தேறியபின் நித்திரையின்மையும் துக்கமும் தலைதூக்கும். காணியையும் மாட்டையும் விட்டு ஓடிவந்தவரும், 2009இல் பிள்ளையைப் பறிகொடுத்தவரும் எதை மறக்கக் குடித்தார்களோ, அது அப்படியே இருக்கிறது. குடிக்கு ஓரிடம், மனத்துக்கு வேறிடம் என்று இவர்களை அலைக்கழிப்பது சரியல்ல. இரண்டையும் ஒன்றாகவே பார்க்கவேண்டும்.

கிளினிக் நாளென்றால் பஸ் காசும் போகும், அன்றைய கூலியும் போகும். பலர் இடையில் நின்றுவிடுவது இதனால்தான், சோம்பலால் அல்ல. விதைநெல்லுக்குக் கடன் கொடுக்கும் நமது சங்கங்கள் இதற்கும் ஒரு சிறுதொகை ஒதுக்கலாமே! மறுபடி ஒருநாள் குடித்துவிட்டார் என்பதற்காகக் கிளினிக் கொப்பியைக் கிழித்தெறிய வேண்டாம்; அடுத்த திகதிக்குக் கூட்டிச் செல்லுங்கள். இரவில் தாங்கமுடியாமற் போனால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எந்நேரமும் பேசலாம்.