ரோபஸ்டாவுக்கு ஒரு ராஜ மரியாதை!

காலையில் மீஞ்சூர் ஸ்டேஷனுக்கு ஓடும் அவசரத்தில் நின்றபடியே ஒரு கிளாஸ் காபி. அந்தக் கொட்டை யார் தோட்டத்தில் விளைந்தது என்று யாராவது கேட்டதுண்டா?

ஒரு காலத்தில் கேட்டிருந்தாலும் பதில் கிடைத்திருக்காது. 1940-களில் இருந்து விவசாயிகள் தங்கள் காபியை காபி வாரியத்திடம்தான் கொடுக்க வேண்டும். எல்லோருடைய கொட்டையும் ஒன்றாகச் சேர்ந்து ஏலத்துக்குப் போகும். தோட்டத்தின் பெயர் அங்கேயே மறைந்துவிடும். இந்த முறை 1996-ல் முழுமையாக நீங்கியது. தங்கள் பெயரிலேயே விற்கலாம் என்றான பிறகு, உலகின் கவனத்தைப் பெற்ற தோட்டங்களில் ஒன்று சேதுராமன் எஸ்டேட்.

பெயரைப் பார்த்து நம்ம ஊர் என்று நினைக்க வேண்டாம். இருப்பது கர்நாடகத்தின் சிக்கமகளூரு மாவட்டம், மாகுண்டியில். பல தலைமுறைகளாகக் காபி பயிரிடும் குடும்பத்தைச் சேர்ந்த நிஷாந்த் குர்ஜர் இதை நடத்துகிறார்.

இங்கே விசேஷமே ரோபஸ்டாதான். இந்தியக் காபியில் சுமார் 70 சதவீதம் இந்த ரகம்தான். நோயைத் தாங்கும், அரபிகாவைவிட காஃபின் அதிகம், கசப்பும் அதிகம். அதனால் 'மட்ட ரகம்' என்ற பெயர். இன்ஸ்டன்ட் காபிக்குத்தான் லாயக்கு என்று ஒதுக்கினார்கள்.

ஆனால் பக்குவம் மாறினால் சுவையும் மாறும். நன்கு சிவந்த பழங்களை மட்டும் பறிக்க வேண்டும். எல்லாம் ஒரே நாளில் பழுக்காது என்பதால், ஒரே செடிக்குப் பலமுறை ஆள் போக வேண்டும்; கூலி கூடும். தோலை நீக்கி, கழுவி, நிதானமாக உலர்த்த வேண்டும். காயும் நேரத்தில் ஒரு மழை பெய்தால் போதும், அத்தனை உழைப்பும் வீண்!

இப்படித் தேறி வரும் பெரிய கொட்டைகளுக்கு 'காபி ராயல்' என்று பெயர். சேதுராமன் எஸ்டேட் காபி இந்தப் பெயரில்தான் வெளிநாடுகளுக்குப் போகிறது, மூட்டையில் தோட்டத்தின் பெயரோடு. சுவைப் பரிசோதனையில் 100-க்கு 80 மதிப்பெண்ணைத் தொட்டால்தான் 'ஸ்பெஷாலிட்டி' அந்தஸ்து. ரோபஸ்டாவுக்கும் அதே கோடுதான்.

அடுத்த முறை காபித்தூள் வாங்கும்போது பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். சிக்கரி எத்தனை சதவீதம், எந்த ரகம், வறுத்த தேதி என்ன? தோட்டத்தின் பெயரும் இருந்தால், விளைவித்த குடும்பம் தன் பெயரைப் பணயம் வைத்திருக்கிறது என்று அர்த்தம். அந்தக் காபியை மட்டும் கொஞ்சம் நிதானமாகக் குடிக்கலாமே!