நாடி துடிக்கிறது என்பது விடையன்று

மயக்கத்திலிருக்கும் நாயின் இரத்த அழுத்தம் எவ்வளவு என்று கேட்டால், நம் நாட்டின் பல அறுவைக் கூடங்களில் கிடைக்கும் மறுமொழி ஒன்றுதான்: "நாடி நன்றாக இருக்கிறது." இது கேட்ட கேள்விக்கான விடையன்று.

தொடைத் தமனியில் வைத்த விரல் உணர்வது சிஸ்டாலிக், டயஸ்டாலிக் அழுத்தங்களுக்கு இடையிலான வேறுபாட்டையே. 120/80 உள்ள நாய்க்கும் 80/40 உள்ள நாய்க்கும் அவ்வேறுபாடு 40 தான். ஆனால் முன்னதன் சராசரி தமனி அழுத்தம் ஏறக்குறைய 93 மி.மீ. பாதரசம்; பின்னதன் அழுத்தம் 53. சராசரி 60க்குக் கீழே இறங்கினால், சிறுநீரகம் தன் இரத்த ஓட்டத்தைத் தானே காத்துக்கொள்ளும் ஆற்றலை இழக்கத் தொடங்குகிறது. இவ்விரு நாய்களையும் விரலால் பிரித்தறிய இயலாது.

அளக்காமல் மருத்துவம் செய்வது அளவினும் பெரிய பிழை. ஐசோஃப்ளுரேன் இரத்தக் குழாய்களை விரிக்கும். அளவு கூடக் கூட அழுத்தம் தாழும். எனவே முதல் மருந்து புதிதாக ஒன்றைச் செலுத்துவதன்று, வேப்பரைசரைக் குறைப்பது. அடுத்து இதயத் துடிப்பின் வேகம். அதன் பின், இதய நோயில்லாத நாய்க்குக் கிலோவுக்கு 5 முதல் 10 மி.லி. வரை ரிங்கர் லாக்டேட், 10–15 நிமிடங்களில். அதற்கும் மசியாவிட்டால்தான் டோபமைனோ நார்எபிநெஃப்ரினோ. இந்த வரிசையைத் தேர்வுத்தாளில் எழுதும் மாணவர், அழுத்தமானி இல்லாத கூடத்தில் எதைக் கொண்டு இதைப் பின்பற்றுவார்?

சைலசின் கதை இன்னும் கூர்மையானது. அது முதலில் குழாய்களைச் சுருக்கி அழுத்தத்தை உயர்த்துகிறது; அதற்கு எதிர்வினையாகவே இதயம் மெதுவாகிறது. அவ்வேளையில் துடிப்பு குறைவு என்று மட்டும் கண்டு அட்ரோபின் செலுத்துவது, உயர்ந்த அழுத்தத்துக்கு எதிராக உழைக்கும் இதயத்தின் மீது மேலும் சுமை ஏற்றுவதாகும். எண் தெரியாத இடத்தில் நற்செயலும் தீங்காகும்.

"ஆயிரக்கணக்கில் செய்கிறோம், நாய்கள் பிழைக்கின்றன" என்பது அடுத்த வாதம். எதுவரை பார்த்துவிட்டு இதைச் சொல்கிறார்கள்? விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள், 2023, தெருநாயைப் பிடித்த இடத்திலேயே திரும்ப விடச் சொல்கின்றன. அழுத்தம் தாழ்ந்த சிறுநீரகத்தைக் காத்து நிற்பவை புராஸ்டாகிளாண்டின்கள். வலிக்கென்று செலுத்தும் மெலாக்சிகாம் அவற்றைத் தடுக்கிறது. கிரியாட்டினினோ, சிறுநீரகச் செயல்திறனில் ஏறத்தாழ முக்கால் பங்கு போன பிறகே தெளிவாக உயர்கிறது. அந்நாய் உணவை மறுத்துத் தெருமுனையில் சுருண்டு கிடக்கும்போது, பதிவேட்டில் அது வெற்றிகரமான அறுவை. காணப்படாத மரணத்தை நிகழாத மரணமாகக் கணக்கிடுவது அறிவியலன்று.

ஏழை நாடு என்னும் சாக்கும் செல்லாது. டாப்ளர் கருவி, கால் சுற்றளவில் 40 விழுக்காடு அகலமுள்ள கஃப், ஓர் அழுத்தமானி: இவ்வளவே தேவை. வலி மருந்தை மறுப்பதும் தீர்வன்று. அழுத்தத்தை அறிந்து கொடுப்பதே தீர்வு.

கல்லூரிகள் தொடங்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அழுத்தம் குறிக்கப்படாத மயக்கப் பதிவை மாணவரிடமிருந்து ஏற்காதிருத்தல். அத்தகைய பதிவின் மேல் எழுந்த ஆய்வேட்டில் "பாதுகாப்பானது" என்ற முடிவை அனுமதியாதிருத்தல். அளக்காதவருக்கு அந்தச் சொல்லின் மீது உரிமையில்லை.