கிளட்சுக்கு ஒரு முட்டுக்கட்டை!

ஓசூரில் 1980-ல் அசோக் லேலண்டு லாரித் தொழிற்சாலை வந்தது. இன்று அது பெரிய தொழில் நகரம். ஆனால், கொஞ்ச தூரம் போனால் ராகிக் காடு! தேன்கனிக்கோட்டை, சூளகிரிப் பக்கத்து உழவர்கள் பலருக்குப் பழைய டிராக்டர்தான் துணை.

மழை விழுந்ததும் உழவு. பிறகு டிராக்டருக்கு ஓய்வு. மாதக்கணக்கில் கொட்டகையில் நிற்கும். ஈரம் உள்ளே புகும். கிளட்ச் தட்டு துருப்பிடித்து, பிளைவீலோடு ஒட்டிக்கொள்ளும். அப்புறம் மிதியை அழுத்தினாலும் எஞ்சினும் கியரும் பிரியாது.

சிலர் கியரைப் போட்டுவிட்டு எஞ்சினைக் கிளப்புகிறார்கள். ஒரே குலுக்கலில் கிளட்ச் விட்டுவிடும் என்பது அவர்கள் எண்ணம். விடாவிட்டால்? வண்டி பாயும்! எதிரே குழந்தை நின்றால் என்ன கதி?

வேறு சிலர் உள்ளே எண்ணெய் ஊற்றுகிறார்கள். அதுவும் தவறு. எண்ணெய் பட்ட தட்டு வழுக்கும். வண்டி இழுக்காது.

சரியான வழி என்ன?

வெட்டவெளியில், கியர் போடாமல், எஞ்சினை அரை மணி நேரம் ஓடவிட வேண்டும். பிறகு நிறுத்திவிட்டு, மிதியை அழுத்திக் கட்டை கொடுத்து, ஓர் இரவு விட வேண்டும். சூட்டில் ஈரம் உலரும். சில சமயம் தட்டு தானே விட்டுவிடும். விடவில்லையா? மெக்கானிக்கைக் கூப்பிட்டு, வண்டியைப் பிரித்துப் பார்ப்பதே நல்லது. செலவுதான். ஆனால், உயிர் அதைவிடப் பெரிது அல்லவா?

இந்தத் தொல்லையே வராமல் தடுக்கலாம். உழவு முடிந்ததும் கலப்பையைக் கழுவி வைப்பது தாத்தா காலத்துப் பழக்கம். டிராக்டரை நிறுத்தும் அன்றே மிதியை அழுத்திக் கட்டை கொடுப்பது நம் காலத்துப் பழக்கமாக வேண்டும்.

நல்ல காரியத்துக்கு முட்டுக்கட்டை கூடாது. கிளட்சுக்கு மட்டும் வேண்டும்!