பள்ளி நிதியைப் படித்தறிந்த ஒரு தலைமுறை வேண்டும்

சமக்ர சிக்ஷா திட்டத்தில் 2024-25ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டுக்கு வரவேண்டிய 2,152 கோடி ரூபாயை, தேசிய கல்விக் கொள்கையை ஏற்கவில்லை என்று ஒன்றிய அரசு நிறுத்திவைத்தபோது, மேடைகளிலும் தொலைக்காட்சிகளிலும் எழுந்த விவாதம் பெரும்பாலும் மும்மொழியா இருமொழியா என்பதாகவே இருந்தது. அந்த விவாதம் தேவையானதுதான். அதற்கு அடியில் கிடந்த சட்டக் கேள்வியை மட்டும் மிகச் சிலரே கையில் எடுத்தார்கள். பள்ளிக்குப் பணம் தரும் கடமை யாருடையது, எவ்வளவு, அதற்கு நிபந்தனை விதிக்க முடியுமா? 2025 மே மாதம் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்துக்கு எடுத்துச் சென்ற வழக்கும் இதைத்தான் கேட்டது.

இதற்கு விடை தேடுவோர் முதலில் திறக்க வேண்டியது கல்வி உரிமைச் சட்டத்தின் 7ஆவது பிரிவை. நிதி தரும் பொறுப்பு ஒன்றிய, மாநில அரசுகள் இரண்டுக்கும் உண்டு என்று அது தொடங்குகிறது. செலவு மதிப்பீட்டைத் தயாரிக்க வேண்டியது ஒன்றிய அரசு. தன் பங்கை அது மாநிலங்களைக் கலந்து முடிவு செய்ய வேண்டும். அதே பிரிவின் 5ஆவது உட்பிரிவோ, ஒன்றிய அரசு தருவதைக் கணக்கில் கொண்டு, சட்டத்தை நிறைவேற்றத் தேவையான நிதிக்கு மாநிலமே பொறுப்பு என்கிறது. 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் இந்த இரு முனைகளையும் தொட்டது. கல்வி உரிமைச் சட்டத்துக்கான தொகையைத் தேசிய கல்விக் கொள்கையோடு முடிச்சுப் போட வேண்டியதில்லை என்று ஒன்றிய அரசுக்குச் சொன்னது. டெல்லிப் பணம் வரவில்லை என்பதைக் காரணம் காட்டி, நலிந்த பிரிவினருக்கென்று சட்டம் ஒதுக்கிய 25 விழுக்காடு இடங்களில் சேர்ந்த பிள்ளைகளுக்கான தொகையைத் தனியார் பள்ளிகளுக்குத் தராமல் இருக்க முடியாது என்று மாநில அரசுக்கும் சொன்னது. இந்தத் தீர்ப்பை வரிவரியாகப் பிரித்துப் படித்து, இன்னும் தீராமல் நிற்பது எது என்று எழுதக்கூடிய ஆய்வாளர்கள் தமிழ்நாட்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள்? விரல்விட்டு எண்ணிவிடலாம் என்பதே எங்கள் கவலை.

சட்டப் படிப்பில் வரிச் சட்டமும் தொழிலாளர் சட்டமும் சுற்றுச்சூழல் சட்டமும் பார் கவுன்சில் வகுத்த கட்டாயப் பாடங்கள். அந்த வரிசையில் கல்விச் சட்டத்துக்கு இடமில்லை. அரசமைப்புச் சட்ட வகுப்பில், கல்வியை அடிப்படை உரிமையாக்கும் 21ஏ பிரிவும் உன்னிகிருஷ்ணன் வழக்கும் சில பக்கங்களில் கடந்துபோகின்றன. ஆசிரியர் பயிற்சியில் சட்டம் தேர்வுக்கான குறிப்பாகச் சுருங்குகிறது. பொருளியல் துறைகளில் பள்ளி நிதி யாருடைய சொந்தப் பாடமும் இல்லை. மூன்று துறைகளின் எல்லையில் விழுந்ததால் மூன்றுமே இதைக் கைவிட்டுவிட்டன.

கும்பகோணத்தை எடுத்துக்கொள்வோம். 2004 ஜூலை 16 அன்று அங்கே ஒரு பள்ளியில் 94 குழந்தைகள் தீயில் கருகினார்கள். அந்தத் துயரத்தை முன்வைத்துத் தொடுக்கப்பட்ட அவினாஷ் மெஹ்ரோத்ரா வழக்கில் 2009இல் உச்ச நீதிமன்றம், கல்வி உரிமை என்பது பாதுகாப்பான பள்ளியில் படிக்கும் உரிமையையும் உள்ளடக்கியது என்றது. நம் மண்ணில் மாண்ட குழந்தைகளால் நாடு முழுவதற்கும் கிடைத்த சட்டம் அது. தமிழ்நாட்டில் ஆசிரியராகும் ஒவ்வொருவரும் பயிற்சிக் காலத்திலேயே அந்தத் தீர்ப்பைப் படித்திருக்க வேண்டும்.

நிதிப் பக்கம் இன்னும் இருட்டு. தனியார் பள்ளியில் 25 விழுக்காட்டில் சேரும் பிள்ளைக்கு, அரசு தன் பள்ளிகளில் ஒரு பிள்ளைக்குச் செலவிடும் தொகை, அல்லது அந்தப் பள்ளியின் கட்டணம், இரண்டில் எது குறைவோ அதைத் தர வேண்டும். முதல் தொகையைக் கண்டுபிடிக்கும் வழி எளிய வகுத்தல்தான்: அரசுப் பள்ளிகளின் தொடர் செலவை அங்கே படிக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். செலவில் பெரும்பகுதி சம்பளம். அது சட்டென்று குறையாது. அரசுப் பள்ளியிலிருந்து பிள்ளைகள் விலக விலக வகுக்கும் எண் சிறுக்கிறது, ஈவு பெருக்கிறது. கட்டண வரம்புக்குள் தனியாருக்குத் தர வேண்டிய தொகையும் அதோடு ஏறுகிறது. அதே ஈவுதான், பன்னிரண்டு பிள்ளைகள் படிக்கும் மலைக்கிராமத்து ஈராசிரியர் பள்ளியை ‘வீண் செலவு’ என்று காட்டவும் பயன்படுகிறது. நடந்து போகும் தூரத்தில் பள்ளி வேண்டும் என்பது சட்டம். அதை நிறைவேற்றும் பள்ளி கணக்கில் குற்றவாளியாக நிற்கிறது. இணைப்பு, பணி நிரவல் என்று உத்தரவுகள் வரும்போது அந்த ஊர்ப் பெற்றோருக்காகக் கணக்கைத் திருப்பிப் போட்டுக் காட்ட ஆளில்லை.

செஸ் விவகாரமும் இப்படித்தான். வருமான வரியின் மீது 4 விழுக்காடு சுகாதார, கல்வி செஸ் வசூலிக்கிறார்கள். செஸ் மாநிலங்களோடு பகிரப்பட வேண்டிய தொகுப்பில் சேராது. இடைநிலை, உயர்கல்விக்கென்று 2007இல் செஸ் தொடங்கியது. அதற்கான நிதியத்துக்கு ஒப்புதல் கிடைத்தது 2017இல். பத்தாண்டு இடைவெளியைத் தணிக்கை அறிக்கை சுட்டிக்காட்டிய பிறகும் அது மக்கள் பேச்சாகவில்லை.

பல்கலைக்கழகம் இதில் என்ன செய்ய முடியும் என்பதற்கு அமெரிக்காவில் தெளிவான சான்று இருக்கிறது. அங்கே பள்ளிகள் பெரிதும் உள்ளூர்ச் சொத்து வரியை நம்பியிருந்தன. ஏழை வட்டாரத்துப் பள்ளிக்கு ஏழ்மையான வரவு. 1960களில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த ஆர்தர் வைஸ், இது சமப் பாதுகாப்புக்கு முரண் அல்லவா என்று கேட்டார். கூன்ஸ், குளூன், சுகர்மேன் என்ற மூன்று சட்ட அறிஞர்கள் அந்தக் கேள்வியை 1970இல் முழு நூலாக வளர்த்தார்கள். மறு ஆண்டே கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் செரானோ வழக்கில் அந்த வாதத்தை ஏற்றது. 1973இல் டெக்சாஸ் வழக்கில் நாட்டின் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் கைவிரித்தது. வழக்காடியவர்கள் ஓயவில்லை, மாநில அரசமைப்புகளின் பக்கம் திரும்பினார்கள். 1989இல் கென்டக்கியின் உச்ச நீதிமன்றம் அந்த மாநிலத்தின் பள்ளி அமைப்பு முழுவதையுமே அரசமைப்புக்குப் பொருந்தாதது என்று அறிவித்தது. அடுத்த ஆண்டே சட்டமன்றம் புதிய சட்டம் இயற்றியது. கல்வியை அடிப்படை உரிமை என்று சொல்லாத ஒரு கூட்டாட்சி அரசமைப்பின் கீழ் இவ்வளவு நடந்தது. 21ஏ பிரிவைக் கையில் வைத்திருக்கும் நாம் அதன் நிதிப் பொருளை ஆராய்ச்சி செய்யவே தொடங்கவில்லை.

வழக்குகள் பெருகுவதற்குத்தான் இது வழிவகுக்கும் என்று சிலர் சொல்வார்கள். வழக்குகள் இப்போதே பெருகித்தான் கிடக்கின்றன: கட்டண நிர்ணயம், ஆசிரியர் தகுதித் தேர்வு, சிறுபான்மைப் பள்ளிகளுக்கான விலக்கு. படிப்பு வளர்ந்தால் அவற்றில் பல நீதிமன்றத்துக்கு வருமுன்பே அரசாணை எழுதும் மேசையில் தீரும்.

எனவே தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகமும் திருச்சி தேசிய சட்டப் பல்கலைக்கழகமும் கல்விச் சட்டத்துக்கும் பள்ளி நிதிக்கும் நிரந்தரப் பேராசிரியர் இடங்களை உருவாக்க வேண்டும். பொருளியல் ஆய்வு நிறுவனங்களை அதில் பங்காளிகளாக்க வேண்டும். பி.எட். பாடத்திட்டத்தில் தீர்ப்புகளையும் நிதிநிலை அறிக்கையையும் நேரடியாகப் படிக்கும் தாள் ஒன்று தேவை. பள்ளி மேலாண்மைக் குழுவின் வளர்ச்சித் திட்டமே மானியத்துக்கு அடிப்படை என்கிறது சட்டத்தின் 22ஆவது பிரிவு. அந்தத் திட்டத்தை எழுத வேண்டிய பெற்றோருக்குத் தமிழில் எளிய கையேடும், பயிற்சி தரும் சட்ட மாணவர்களும் வேண்டும்.

இவை எதற்கும் தரவு இல்லாமல் பயனில்லை. 2025-26இல் தமிழ்நாடு பள்ளிக் கல்விக்கு ஒதுக்கியது 46,767 கோடி ரூபாய். அதில் எந்தப் பள்ளிக்கு எவ்வளவு போனது, சம்பளம் எவ்வளவு, கட்டடம் எவ்வளவு, மானியம் எந்த மாதம் வந்தது என்ற பள்ளிவாரிக் கணக்கை அரசு வெளியிடட்டும். ஒன்றிய அரசிடம் தன் பங்குக்கு முழுக் கணக்குக் கேட்கும் மாநிலம், தன் கணக்கை முதலில் ஆய்வாளர்களுக்குத் திறந்து வைப்பதே நியாயம். வரும் கல்வியாண்டிலேயே அதைத் தொடங்க வேண்டும்.