இயந்திரத்துக்கு இடம் உண்டு, நமக்கு?



கண்டி ஹந்தானையில் 1925இல் கட்டிய தேயிலைத் தொழிற்சாலை 2001 முதல் அருங்காட்சியகமாக இருக்கிறது. ஓய்ந்துபோன ரோலர்களையும் எஞ்சின்களையும் அங்கே துடைத்துப் பாதுகாக்கிறார்கள். நல்லதுதான். அந்த ரோலர்களுக்குக் கொழுந்து கொடுத்த கைகளுக்கு என்ன கிடைத்தது?

1975இல் கம்பனித் தோட்டங்களை அரசு சுவீகரித்தது. 1992இல் நிர்வாகத்தைத் தனியார் கம்பனிகளிடம் கொடுத்தது. இரண்டு முறையும் தொழிற்சாலை, இயந்திரம், லயம் எல்லாம் தோட்டத்துச் சொத்தாகக் கைமாறின. லயத்தில் தலைமுறைகளாக வாழ்ந்த நமக்கு மட்டும் ஒரு பேர்ச்சஸ் சொந்தமாகவில்லை. டயகமவில் காம்பிராவோடு ஒரு கூரை இறக்கவும் துரையின் அனுமதிக்குக் காத்திருக்கிறோம்.

பழைய இரும்புக்கு இருக்கும் மதிப்பு நம் உழைப்புக்கு இல்லையா? வாக்குறுதி போதும். வீட்டோடு காணி உறுதி வேண்டும். அது சலுகையல்ல, நமது உரிமை!