சட்டைப்பையில் ஒரு பூதக்கண்ணாடி

என் வயதொத்தவர்கள் வீட்டில் பூதக்கண்ணாடி இல்லாத வீடு அபூர்வம். மாத்திரை அட்டையின் ஓரத்தில் எறும்பு ஊர்ந்த மாதிரி அச்சடித்திருக்கும் காலாவதித் தேதியைப் பார்க்க வேண்டும், பஞ்சாங்கம் பார்க்க வேண்டும், பேங்க் பாஸ்புக்கில் மங்கலாக விழுந்த வரியைப் படிக்க வேண்டும். வேலை முடிந்ததும் அது மேசை டிராயருக்குள் போய்விடும். அதை வெளியே கொண்டுபோகலாம் என்று நம்மில் யாருக்கும் தோன்றுவதில்லை. அதிலும் மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம், கீழக்கரை என்று கடலை ஒட்டிக் குடியிருக்கும் நமக்கே தோன்றாமல் போனது எனக்குப் பெரிய வருத்தம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் எந்தக் கண்ணாடி என்று சொல்லிவிடுகிறேன். இப்போது விற்கும் 'பல உபயோக' கருவிகளைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. கைப்பிடியில் விளக்கு, கள்ளநோட்டு பார்க்க ஊதா விளக்கு, பக்கவாட்டில் திசைகாட்டி, அடியில் ஸ்கேல், அதற்கு மேல் '60 மடங்கு' என்று கொட்டை எழுத்து. ஒரு நண்பர் வீட்டில் அப்படி ஒன்றை அடி ஸ்கேலும் கையுமாக உட்கார்ந்து சோதித்தோம். சோதனை சுலபம். ஜன்னலுக்கு எதிர்ச் சுவர் அருகே கண்ணாடியைப் பிடித்து முன்னும் பின்னும் நகர்த்தினால், ஜன்னலின் உருவம் தலைகீழாகச் சுவரில் தெளிவாக விழும் இடம் ஒன்று வரும். அங்கே கண்ணாடிக்கும் சுவருக்கும் எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்து, 25-ஐ அதனால் வகுத்தால் கிடைப்பதுதான் அதன் உண்மையான பெருக்கம். பத்து சென்டிமீட்டர் வந்தால் இரண்டரை மடங்கு. இரண்டரை சென்டிமீட்டர் வந்தால் பத்து மடங்கு. 60 மடங்கு என்றால் சுமார் நாலு மில்லிமீட்டர்தான் வரும். உள்ளங்கை அகலக் கண்ணாடியில் அது நடக்கவே நடக்காது. நண்பருடையது மூன்றைத் தாண்டவில்லை. மாத்திரை அட்டை படிக்க அது போதும் என்று அவரும் சமாதானமாகிவிட்டார்.

ஒன்றில் பலவற்றை அடக்கும் கருவியே மோசம் என்று நான் சொல்ல வரவில்லை. ஜெர்மனியில் வெட்ஸ்லர் என்ற ஊர் லென்ஸ் தொழிலுக்குப் பேர் போனது. அங்கே 'எமோஸ்கோப்' என்று ஒன்று செய்தார்கள். விரல் நீளக் குழாய்தான். ஒரு விதமாகப் பிடித்தால் தூரப் பார்வைக் கருவி, கழற்றினால் உருப்பெருக்கி, மாற்றிப் பொருத்தினால் சின்ன நுண்ணோக்கி. சாமர்த்தியமான சாமான்தான். ஆனால் கடற்கரைக் காற்றில், ஒரு கையில் செருப்பும் மறு கையில் பேரனின் விரலுமாக நிற்பவனுக்குக் கழற்றி மாட்டும் வேலை சரிப்படாது. அவனுக்கு வேண்டியது நகைக்கடைக்காரர் வைரம் பார்க்கும் பத்து மடங்கு மடக்குக் கண்ணாடி மட்டும்தான். சட்டை பொத்தானைவிடச் சற்றுப் பெரிய லென்ஸ், அதை மூடிக்கொள்ளும் உலோக உறை, சில நூறு ரூபாய் விலை. விளக்கு வேண்டாம், நம் ஊர் வெயில் போதும்.

இதை 'லூப்' என்கிறார்கள். பிரெஞ்சு வார்த்தை. காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் இந்த மாதிரி வார்த்தையைக் கேட்டால் எனக்குக் காது நிமிரும். இதற்கு ஒரு தம்பி உண்டு, 'கோந்த்-ஃபில்', அதாவது இழை எண்ணி. அலுவல் நிமித்தம் பரமக்குடிக்குப் போனபோது ஜவுளி சோதிப்பவர் மேசையில் அதைப் பார்த்தேன். மூன்றாக மடங்கும் சின்னப் பித்தளைச் சட்டம், அடியில் ஒரு அங்குலச் சதுர ஓட்டை. துணிமேல் வைத்து, அங்குலத்துக்குப் பாவு எத்தனை, ஊடை எத்தனை என்று எண்ணுவார்கள். 17ஆம் நூற்றாண்டில் ஹாலந்தில் டெல்ஃப்ட் நகரத்து ஜவுளி வியாபாரி லேவன்ஹூக் துணியைப் பார்க்கப் பழகிய லென்ஸிலிருந்துதான் நுண்ணுயிர் வரை போனார். அவர் கையால் செய்து இன்றும் மிஞ்சியிருக்கும் கருவிகளில் சிறந்தது சுமார் 270 மடங்கு காட்டும். அத்தனைக்கும் அதில் இருப்பது ஒரே ஒரு குட்டி லென்ஸ்.

பிடிக்கும் விதத்தையும் சொல்ல வேண்டும். துப்பறியும் படத்தில் வருவது போல் கையை நீட்டிப் பிடித்தால் பத்து மடங்குக் கண்ணாடியில் ஒன்றும் தெரியாது. கண்ணுக்கு ஒட்டினாற்போல், மூக்குக்கண்ணாடி போட்டிருந்தால் அதன்மேல் லேசாகப் படும்படி வையுங்கள். பார்க்கும் பொருளை மெல்லக் கிட்டே கொண்டுவாருங்கள். இரண்டரை சென்டிமீட்டருக்கு வந்ததும் பளிச்சென்று தெரியும். கை நடுக்கம் உள்ளவர்கள் கண்ணாடி பிடித்த கையைக் கன்னத்தில் முட்டுக்கொடுத்து, அந்தக் கைமேல் மற்றக் கையைச் சாய்த்துக்கொள்ளலாம். எனக்கும் அதே உபாயம்தான்.

முதலில் மணலைப் பாருங்கள். கல்யாணப் பத்திரிகை உறையில் கறுப்பாக ஒரு துண்டு கிழித்து, அதன்மேல் ஒரு சிட்டிகை தூவிக்கொள்ளுங்கள். வெறும் கண்ணுக்குப் பழுப்பாகத் தெரிந்தது கண்ணாடிக்குள் நவதானியம் ஆகிவிடும். கண்ணாடிச் சில்லு மாதிரி இருப்பது குவார்ட்ஸ், மாதுளை முத்து நிறத்தில் இருப்பது கார்னெட், கரிய மினுமினுப்பு இல்மனைட். வெள்ளையாக இருப்பவை சிப்பி, பவளம் இவற்றின் நொறுங்கல். அவற்றுக்கு நடுவே, ஊசிமுனையளவு நத்தை போலச் சுருண்டோ சக்கரம் போல வட்டமாகவோ, யாரோ செதுக்கி வைத்த மாதிரி சில இருக்கும். மண்ணென்று நாம் மிதித்துப் போகும் அவை ஃபோராமினிஃபெரா என்ற ஒற்றைச் செல் உயிர்களின் ஓடுகள்.

அந்தப் பெயரை வைத்தது அல்சீத் தோர்பிஞி என்ற பிரெஞ்சு இளைஞர், 1826இல். அப்போது அவருக்கு வயது 24கூட ஆகவில்லை. தகப்பனார் கப்பல் வைத்தியராக இருந்தவர். லா ரோஷெல் பக்கத்துக் கடலோரத்தில் வளர்ந்த பிள்ளை மணலைக் கண்ணாடி வைத்துப் பார்த்துப் பார்த்தே இவற்றைத் தரம் பிரித்தது. வடிவத்தைப் பார்த்துவிட்டு, கணவாய் வகையின் குட்டி உறவினர் என்று எண்ணியிருந்தார். 1835இல் துழார்தேன் என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர் உயிருள்ளவற்றைக் கவனித்து, இது ஒற்றைச் செல் என்று சொன்னார். லா ரோஷெல்லில் இருந்த மணல் தனுஷ்கோடியிலும் இருக்கிறது. பார்க்கும் பிள்ளைகள்தான் இல்லை.

தனுஷ்கோடி என்றதும் அங்குள்ள இடிந்த மாதா கோவில் ஞாபகம் வருகிறது. 1964 டிசம்பர் புயலுக்குப் பிறகு நிற்கும் அந்தச் சுவர்முன் எல்லோரும் போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். சுவர் பவளக்கல் என்பதை எத்தனை பேர் கவனிக்கிறார்கள்? ஒரு கல்லின்மேல் கண்ணாடியைக் கொண்டுபோங்கள். குட்டிக் குட்டிக் கிண்ணங்கள், ஒவ்வொன்றின் நடுவை நோக்கியும் மெல்லிய தடுப்புகள். காற்றும் உப்பும் அரிக்காத கிண்ணமாகத் தேடி எண்ணினால் பெரும்பாலும் ஆறின் மடங்காக வரும். ஒவ்வொரு கிண்ணமும் ஒரு பவளப் பூச்சியின் வீடு. உயிருள்ள பவளத்தைத் தொடாமல் பவளம் பார்க்க இதைவிட நல்ல இடம் கிடையாது.

தொடாமல் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தூத்துக்குடி தொடங்கி நம் பக்கம் வரை உள்ள 21 தீவுகளைச் சேர்த்து 1986இல் மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். தீவில் இறங்க வனத்துறை அனுமதி வேண்டும். பவளமும் கடல் அட்டையும் வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் இருப்பவை, சில சிப்பி வகைகளும் அப்படித்தான். அதெல்லாம் தெரிந்தும், கோவிலுக்கு வந்தவர்கள் கரையில் கிடப்பதைப் பையில் போட்டுக்கொண்டு போவதைத் தினமும் பார்க்கிறேன். வீட்டுக்குப் போய் நாறும், குப்பையில் விழும். பிள்ளைகளிடம் 'எடுக்காதே' என்று மட்டும் சொன்னால் கேட்காது. 'எடுக்காதே, இங்கேயே உட்கார்ந்து இதற்குள் பார்' என்று கையில் ஒரு கண்ணாடியைக் கொடுத்தால் கேட்கிறது. நான் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

பிள்ளைகள் மட்டுமல்ல. ஒரு நாள் பாம்பன் கரையில் ஒதுங்கிக் கிடந்த கஞ்சிப்பாசித் துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாசி எடுத்துவிட்டுக் கரையேறிய அம்மா ஒருவர், "என்ன சார் தேடுறீக, மோதிரம் விழுந்துருச்சா?" என்றார். "இல்லம்மா, நீங்களே பாருங்க" என்று கண்ணாடியைக் கொடுத்தேன். அந்தப் பாசியின் பெண் செடியில் சின்னப் பரு போன்ற மேடுகள் இருக்கும். அடுத்த தலைமுறைக்கான வித்துகள் உருவாகும் இடம் அது. வெகு நேரம் பார்த்தவர், "கையில உருவுனா நெருநெருன்னு தட்டுமே, அதானா சார் இது?" என்றார். புத்தகத்தில் நான் படித்தது அவர் விரலுக்கு எத்தனையோ வருஷமாகத் தெரிந்திருக்கிறது. கண்ணுக்கு அன்றுதான் தெரிந்தது.

இது வெறும் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்களுக்கு 2019 செப்டம்பரை நினைவுபடுத்துகிறேன். மண்டபம் பக்கம் கடல் திடீரென்று பச்சையானது, மீன்கள் செத்து ஒதுங்கின. என்னென்னவோ வதந்தி. நாக்டிலூகா என்ற உயிர் பெருகியதுதான் காரணம் என்று மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் சொன்னார்கள். மீனவர்கள் பூங்கோரை என்பார்கள். அது அளவுக்கு மீறிப் பெருகினால் தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்து மீன் மூச்சுத் திணறும். 2008இலும் இப்படி வந்திருக்கிறது. ஒரு நாக்டிலூகா சுமார் அரை மில்லிமீட்டர். கண்ணாடித் தம்ளரில் கடல் நீரை மொண்டு பத்து மடங்கில் பார்த்தால் வெந்த ஜவ்வரிசி போல மிதப்பது தெரியும். கடலோர உயர்நிலைப் பள்ளி ஒவ்வொன்றிலும் வாரம் ஒரு தம்ளர் நீரை எடுத்துப் பார்த்து, தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வைத்தால், கடல் பச்சையாகுமுன்பே ஏதோ கூடுகிறது என்று பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும். பதிவேடு பராமரித்தே காலம் தள்ளியவன் என்பதால், ஒரு நோட்டுக்குள்ள மதிப்பு எனக்குத் தெரியும்.

இன்னும் உள்ளே போக வேண்டுமானால் அதற்கும் வழி இருக்கிறது. மீரட்டில் பிறந்து, கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்து, அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருக்கும் மனு பிரகாஷ் தன் மாணவர்களோடு சேர்ந்து, அட்டையை மடித்துச் செய்யும் 'ஃபோல்ட்ஸ்கோப்' நுண்ணோக்கியை 2014இல் வெளியிட்டார். லேவன்ஹூக்கின் அதே வித்தைதான், ஒரு குட்டிக் கண்ணாடிக் குண்டு, 140 மடங்கு. உதிரிப் பாகங்களின் செலவு ஒரு டாலருக்கும் கீழே. நம் மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையும் பள்ளி, கல்லூரிகளுக்கு இதைக் கொண்டுபோக நிதி கொடுத்தது. ஆனாலும் முதலில் கையில் வர வேண்டியது பத்து மடங்குதான் என்பது என் கட்சி. 140 மடங்கில் நேரே இறங்கினால் பிள்ளைக்கு எதன் எந்த மூலையைப் பார்க்கிறோம் என்றே பிடிபடாது.

எங்கள் காலத்துப் பிரெஞ்சுப் பள்ளியில் 'லெசோன் தெ ஷோஸ்' என்று ஒரு பாடம். பொருளைப் பற்றிய பாடம் என்று சொல்லலாம். வாத்தியார் ஒரு இலையோ சிப்பியோ மேசைமேல் வைப்பார். புத்தகம் மூடியிருக்கும். ஒவ்வொருவனும் தான் பார்த்ததைச் சொல்ல வேண்டும். பார்க்காததைச் சொன்னவனுக்குத் திட்டு. இன்று வகுப்பறைத் திரையில் திமிங்கிலமே நீந்துகிறது, நல்லதுதான். பள்ளி மதிலுக்கு வெளியே கிடக்கும் கடலைப் பிள்ளைகள் தேர்வுக்காகக்கூடப் பார்ப்பதில்லை. ஓய்வு பெற்ற நமக்கு நேரத்துக்கா பஞ்சம்? பக்கத்துப் பள்ளித் தலைமை ஆசிரியரைப் பார்த்து, நாலு கண்ணாடியும் ஒரு நோட்டும் வாங்கிக் கொடுத்து, வாரம் ஒரு நாள் நானே வருகிறேன் என்று சொல்ல நம்மால் முடியும். பிள்ளைகளைத் தண்ணீர்ப் பக்கம் கூட்டிப் போகும்போது பெரியவர்கள் கூட இருக்க வேண்டும், அதை மட்டும் விட்டுவிடக் கூடாது.

வாங்குபவர்களுக்குக் கடைசியாக ஒன்று. கடற்கரையிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீர் நனைத்த துணியால் உறையைத் துடைத்து, லென்ஸில் மணல் இருந்தால் முதலில் ஊதிவிட்டு, பிறகு மெல்லிய பருத்தித் துணியால் துடையுங்கள். வேட்டி நுனி வேண்டாம், கீறல் விழும். ஒரு கயிறு கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். சட்டைப்பையில் வைத்துக்கொண்டு குனிந்தால் மணலில் விழுந்துவிடும், பிறகு அதைத் தேட இன்னொரு கண்ணாடி வேண்டும்.