அலுவலகத்தில் சமூக வலைத்தளம்

ஐதராபாத்தில் உள்ள ஏ.எஸ்.ராவ் நகர், ஈ.சி.ஐ.எல். என்று வழங்கப்பெறும் இந்திய மின்னணுக் கழகத்தைத் தோற்றுவித்த அய்யகாரி சாம்பசிவ ராவின் பெயரைத் தாங்கிய குடியிருப்பு ஆகும். அக்கழகம் 1967ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. தேர்தலில் நாம் பயன்படுத்தும் வாக்குப்பதிவு இயந்திரத்தைத் தயாரிக்கும் இரு பொதுத்துறை நிறுவனங்களுள் அதுவும் ஒன்று. இதே நகரத்தில்தான் 2010ஆம் ஆண்டு முகநூல் நிறுவனம் இந்தியாவில் தன் முதல் அலுவலகத்தைத் திறந்தது. ஆக, ஒரே ஊரில் சமூக வலைத்தளமே தொழிலாக உள்ள அலுவலகமும் உண்டு. கைப்பேசியை வாயிலிலேயே ஒப்படைத்துவிட்டு உள்ளே செல்ல வேண்டிய ஆய்வுக்கூடங்களும் உண்டு. எனவே, 'பணியிடத்தில் சமூக வலைத்தளம் வேண்டுமா, வேண்டாமா?' என்ற வினாவுக்கு எல்லா அலுவலகத்திற்கும் பொருந்தும் ஒரே விடை கிடையாது என்பது என் கருத்து.

முதலில், வேண்டவே வேண்டாம் என்று சொல்லத்தக்க இடங்களைக் காண்போம். 2019 டிசம்பரில் கடற்படை வீரர் எழுவரை ஆந்திரக் காவல்துறை கைது செய்தது. முகநூலில் நட்புப் பாராட்டிய அறிமுகமற்றோரிடம் கப்பல்களின் நடமாட்டம் பற்றிய செய்திகளை அவர்கள் தெரிவித்தனர் என்பது குற்றச்சாட்டு. அதனையடுத்துக் கடற்படைத் தளங்களிலும் போர்க்கப்பல்களிலும் திறன்பேசிகளுக்குத் தடை விதிக்கப்பட்டது. 2020 ஜூலையில் இந்தியத் தரைப்படையும் முகநூல் உள்ளிட்ட 89 செயலிகளை நீக்குமாறு தன் வீரர்களுக்கு ஆணையிட்டது. இத்தடைகளை மிகை என்று நான் கருதவில்லை. கப்பலில் இருப்பவர் தாம் இருக்கும் இடத்தை நண்பருக்குச் சொல்வது இயல்பான பேச்சே. ஆனால் அந்த இயல்பான பேச்சுத்தான் அங்கே ஆபத்தாகிறது.

எனினும் தடை ஒன்றே வழியன்று. 2019ஆம் ஆண்டு கூடங்குளம் அணுமின் நிலையக் கணினி ஒன்றில் தீநிரல் புகுந்தது. இணையத்தோடு இணைந்த நிருவாகக் கணினியில்தான் அது காணப்பட்டது என்றும், உலையை இயக்கும் வலையமைப்பு தனியே பிரிக்கப்பட்டிருந்ததால் அதற்குத் தீங்கில்லை என்றும் அணுமின் கழகம் விளக்கமளித்தது. இச்செய்தியில் கருதத்தக்க நுட்பம் ஒன்று உள்ளது. அங்கே பணியாளர் எவரும் இணையத்தைத் தொடக்கூடாது என்று விதிக்கவில்லை. தொடத்தகாத பகுதியை மட்டும் பிரித்து வைத்தனர். வீட்டில் அடுப்பங்கரையையும் கூடத்தையும் பிரித்து வைப்பது போன்ற ஏற்பாடுதான் இது.

மக்கள் வரிசையில் காத்துநிற்கும் அலுவலகங்களின் நிலை வேறு. 2019 ஜூலையில் தெலங்கானாவின் கம்மம் மாநகராட்சி ஊழியர் சிலர் அலுவல் நேரத்தில் டிக்டாக் காணொளிகள் எடுத்து வெளியிட்டமைக்காக நடவடிக்கைக்கு உள்ளாயினர். அரசு ஊழியர் அலுவல் நேரத்தில் சொந்தத் தேவைக்குக் கைப்பேசியைப் பயன்படுத்துவதை அனுமதிக்கலாகாது என்று 2022 மார்ச்சில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையும் கூறியது. பிறப்புச் சான்றிதழுக்காக அரைநாள் கூலியை இழந்து வந்து நிற்பவரின் கண்ணெதிரே ஆடல் காணொளி எடுப்பது, அவருக்குரிய நேரத்தைப் பறிப்பதாகும். இதில் எனக்கு இருவேறு கருத்தில்லை.

ஆனால் வரைபடம் வரைபவர், கணக்கு எழுதுபவர், மென்பொருள் எழுதுபவர் ஆகியோரை இந்த அளவுகோலால் அளக்க இயலாது. அவர்கள் மாலையில் முடித்துத் தரும் வேலையை நோக்க வேண்டுமே தவிர, நண்பகலில் ஐந்து நிமிடம் எந்தத் திரையைப் பார்த்தார்கள் என்று எண்ணிக்கொண்டிருத்தல் வீண்வேலை. முற்காலத்தில் தேநீர்க்கடைக்கு நடந்து சென்றவர்களை எவரும் குற்றவாளியாகக் கருதவில்லை. (அங்கே பேசப்பட்ட ஊர்க்கதைகள் முகநூலில் காண்பனவற்றைவிடக் குறைந்தவை அல்ல!) மேலும், 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோது, யார் எந்தத் தெருவில் சிக்கியுள்ளார், எங்கே உணவு தேவை என்ற செய்திகள் முகநூல், ட்விட்டர், வாட்ஸ்அப் வழியாகவே பெரிதும் பரவின. வெளியூர்களில் இருந்தவர்கள் அச்செய்திகளைத் திரட்டி மீட்போருக்கு அனுப்பினர். அந்நாள்களில் அலுவலகக் கணினிகளில் இத்தளங்களை மூடி வைத்திருந்தால் இழப்பு யாருக்கு?

மாணவர்களே, இவ்விவாதத்தில் பலரும் பேசாமல் விடும் மறுபக்கம் ஒன்று உண்டு. முகநூல் அலுவலகத்திற்குள் நுழைவதைப் பற்றிக் கவலைப்படுகிறோம்; அலுவலகம் வாட்ஸ்அப் வழியே வீட்டிற்குள் நுழைவதைப் பற்றி யாரும் கேட்பதில்லை. இரவு பத்து மணிக்கு அலுவலகக் குழுவில் வரும் 'உடனே அனுப்புக' என்ற செய்தியை உங்கள் பெற்றோரின் கைப்பேசியில் நீங்களே கண்டிருக்கலாம். பணிநேரத்திற்குப் பின் தொடர்பைத் துண்டிக்கும் உரிமையைப் பிரான்சு நாடு 2017 ஜனவரி முதல் சட்டத்தில் சேர்த்துள்ளது. நம் மக்களவையிலும் அத்தகைய தனிநபர் மசோதா ஒன்றைச் சுப்ரியா சுலே கொண்டுவந்தார், அது சட்டமாகவில்லை. பகலில் பணியாளரின் ஐந்து நிமிடத்தைக் கணக்கிடும் நிறுவனம், இரவில் தான் எடுத்துக்கொள்ளும் ஒரு மணி நேரத்தையும் அதே ஏட்டில் எழுதட்டும். அதன்பின் எந்தத் தளத்தை மூடுவது என்று இரு தரப்பினரும் அமர்ந்து பேசலாம்.